இணையதளத்திற்குப் பெயரும் இடமும்

விளைபொருளைத் தரகர் கைக்குப் போகவிடாமல், வாங்குவோருக்கே நேராக விற்க வேண்டுமென்ற விருப்பம் நிலமுடையோரிடையே வளர்ந்து வருகிறது. 2020-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 29-ஆம் தேதியன்று மத்திய சர்க்கார் 10,000 உழவர் உற்பத்தியாளர் ஸ்தாபனங்களை ஏற்படுத்தும் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், அத்தகைய கம்பெனிகள் பல தாலூகாக்களில் தோன்றியிருக்கின்றன. மஞ்சள், நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய், மாம்பழம் முதலியவற்றைத் தம் பெயராலேயே விற்கக் கருதும் கம்பெனிகள் முதலில் நாடுவது இணையதளம் ஒன்றையே. அதற்கு வேண்டுவன இரண்டு. ஒன்று பெயர், மற்றொன்று இடம். முன்னதை டொமைன் என்றும், பின்னதை ஹோஸ்டிங் என்றும் அத்தொழிலில் உள்ளோர் வழங்குவர். இவ்விரண்டையும் ஒன்றேயென்று எண்ணி, யாரோ ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, சில வருஷங்களில் இரண்டையும் இழந்து நிற்போர் உண்டு. ஆதலின், இவற்றின் தன்மையைப் பணம் கட்டுமுன்னரே அறிந்துகொள்வது அவசியமாகும்.

கிடங்கு ஒன்று இருக்கிறது; அக்கிடங்கிற்கு வழி சொல்லும் விலாசமும் இருக்கிறது. கிடங்கு வேறு, விலாசம் வேறு. கிடங்கை மாற்றினாலும் விலாசம் தம்மிடமே இருக்குமாயின் வாடிக்கைக்காரர் வழி தவறார். விலாசம் பிறர் கைக்குப் போய்விட்டாலோ, கிடங்கு நிறையச் சரக்கிருந்தும் பயனில்லை. இணையதளத்தில் டொமைன் என்பது விலாசம். ஹோஸ்டிங் என்பது கிடங்கு.

பெயர் வேலை செய்யும் விதம்

உலகெங்கும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ள கம்ப்யூட்டர்கள் தம்முள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிந்துகொள்கின்றன. அந்த எண் நான்கு பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை அமைந்திருப்பது பழைய முறை. அதனினும் நீண்ட எண்களைக் கொண்ட புதிய முறையும் இப்பொழுது வழக்கத்திலுள்ளது. இவ்வெண்களை மனிதர் நினைவில் வைத்துக்கொள்வது கடினம். ஆகையால் எண்ணுக்குப் பதிலாகப் பெயர் வழங்கும் ஏற்பாடு உண்டாயிற்று. ஆரம்பத்தில், அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் ஒரே ஜாபிதாவில் எல்லாப் பெயர்களும் எழுதி வைக்கப்பட்டு, மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தனர். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக, ஒரு கணக்குப் பிள்ளையின் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் மாகாணம் முழுவதற்கும் அடங்கல் எழுத முற்பட்டாற்போல் அது தாங்க முடியாததாயிற்று. 1983-ஆம் வருஷத்தில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் இப்பொழுது உள்ள பகிர்வு முறையை வகுத்தளித்தார்.

அம்முறையை ஏரிப் பாசனத்தை அறிந்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மதகிலிருந்து பிரதான வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து வயல் மடை என்று நீர் இறங்குவதுபோல், பெயரும் படிப்படியாக இறங்குகிறது. மதகின் ஸ்தானத்தில் இருப்பவை வேர் சர்வர்கள் எனப்படும். அவை 13 பெயர்களால் குறிக்கப்படினும், அவற்றின் பிரதிகள் உலகின் பல நகரங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஒருவர் தம் டெலிபோனில் ‘டாட் இன்’ என்று முடியும் ஒரு பெயரைத் தட்டினால், அக்கேள்வி முதலில் வேர் சர்வரை அடையும். வேர் சர்வர் அப்பெயரைத் தான் அறியாது. ‘இன்’ என்ற கிளையின் கணக்கு யாரிடம் இருக்கிறதென்று மட்டும் சொல்லும். ‘இன்’ கணக்கை வைத்திருப்போர், அப்பெயருக்குரிய விவரம் எந்தப் பெயர் சர்வரில் இருக்கிறதென்று சொல்வர். அந்தப் பெயர் சர்வரே கடைசியில் கிடங்கின் எண்ணைத் தெரிவிக்கும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடும். ஒருமுறை பெற்ற விடையை இடையிலுள்ள சர்வர்கள் சிறிது காலம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. எண்ணை மாற்றினால் அம்மாற்றம் எல்லோருக்கும் தெரியச் சில மணி நேரம் முதல் இரண்டொரு நாள் வரை செல்வது இதனாலேயாம்.

மேற்சொன்னதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். பெயரை வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். அதிகாரம் வலப்பக்கத்தில் இருக்கிறது. இதன் பிரயோசனம் பின்னர்ச் சொல்லப்படும்.

கிரயம் அன்று, குத்தகையே

‘டாட் இன்’ பெயர்களின் மூலக் கணக்கை வைத்திருப்பது நிக்ஸி என்னும் ஸ்தாபனம். 2003-ஆம் வருஷத்தில் அது அமைக்கப்பட்டது. 2005-ஆம் வருஷம் முதல் பொதுமக்கள் யாவரும் தாராளமாகப் பதிவு செய்துகொள்ள இடமளிக்கப்பட்டது. ‘டாட் காம்’ போன்ற பொதுப் பெயர்களுக்கான விதிகளை 1998-ஆம் வருஷத்தில் தோன்றிய ஐகான் என்ற ஸ்தாபனம் வகுக்கிறது. மூலக் கணக்கை வைத்திருப்போர் சாதாரணமாகப் பொதுமக்களிடம் நேராக மனு வாங்குவதில்லை. அவர்களால் அங்கீகரிக்கப்பட்ட ரிஜிஸ்திரார் கம்பெனிகள் வாயிலாகவே பதிவு நடைபெறும். அக்கம்பெனிகளுக்குக் கீழே கமிஷனுக்குப் பெயர் விற்கும் சில்லறை வியாபாரிகளும் உண்டு. சார்பதிவாளர் கச்சேரி, பத்திரம் எழுதுவோர், அவரைச் சுற்றியுள்ள ஆட்கள் என்ற வரிசை எப்படியோ அப்படியே இதுவும்.

பெயரை வாங்கினோம் என்று பலர் சொல்லக் கேட்கலாம். அது சரியன்று. பெயர் ஒருபோதும் கிரயம் ஆவதில்லை. ஒரு வருஷம் முதல் 10 வருஷம் வரை ரொக்கக் குத்தகைக்கு விடப்படுகிறது என்பதே உண்மை. குத்தகைப் பணம் தவறாது கட்டிவரும் வரையில் மற்றொருவருக்கு அது கிடைக்காது. சாதாரணப் பெயருக்கு வருஷத்திற்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வரை ஆகலாம். முதல் வருஷத்திற்கு மிகக் குறைந்த தொகையைச் சொல்லி அழைத்து, இரண்டாம் வருஷத்தில் பல மடங்கு கேட்பது இத்தொழிலில் வழக்கம். ஆகவே விலை விசாரிக்கும்பொழுது புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்றே முதலில் கேட்டறிய வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பதிவு யார் பெயரால் இருக்கிறது என்பது. ஈரோட்டுப் பக்கத்தில் மஞ்சள் விற்கும் ஒரு கம்பெனியை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். டைரக்டர்களுக்கு இந்த விவகாரம் தெரியாது. டவுனில் கம்ப்யூட்டர்க் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்கிறார், முடித்தும் தருகிறார். ஆனால் பதிவில் அவருடைய பெயர், அவருடைய மின்னஞ்சல், அவருடைய டெலிபோன் எண். மூன்று வருஷம் கழித்து அவர் வேறு உத்தியோகம் கிடைத்துப் பெங்களூருக்குச் சென்றுவிடுகிறார். புதுப்பிக்க வேண்டுமென்ற அறிவிப்பு அவருக்குத்தான் போகும். அவர் அதைப் பார்ப்பதேயில்லை. பெயர் காலாவதியாகிறது. மூட்டைகளிலும் லேபில்களிலும் அச்சிடப்பட்ட அந்தப் பெயரைத் தட்டும் வாடிக்கைக்காரர், சம்பந்தமில்லாத விளம்பரங்களைக் காண்கிறார். இளைஞரிடம் வஞ்சனை எதுவுமில்லை. ஆயினும் நஷ்டம் நஷ்டமே. பட்டா தம் பெயரில் இல்லாத நிலத்தில் கிணறு வெட்டியதற்கு இது சமானம்.

ஆகவே பதிவுதாரர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயரே இருத்தல் வேண்டும். தனி மனிதர் தம் சொந்தப் பண்ணைக்காகச் செய்வதானால் அவர் பெயர் இருக்கலாம். மின்னஞ்சல் விலாசம் கம்பெனிக்குரியதாகவும், காரியதரிசி மாறினாலும் அடுத்தவர் திறந்து பார்க்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சல், பதிவு செய்யப்பட்ட அதே டொமைனைச் சார்ந்ததாக இருப்பது விவேகமன்று. பெயர் தவறினால் அஞ்சலும் உடன் தவறி, எச்சரிக்கையைப் படிக்கவும் வழியில்லாமற் போகும். விவரங்கள் உண்மையானவையாக இருப்பதும் அவசியம். பொய் விலாசம் கொடுத்துச் செய்த பதிவு முடக்கப்படக்கூடும்.

புதுப்பிக்கத் தவறுவது சிறியோருக்கு மட்டும் நேருவதன்று. 1999-ஆம் வருஷம் டிசம்பரில் மைக்ரோசாப்ட் கம்பெனி தன் ‘பாஸ்போர்ட் டாட் காம்’ என்ற பெயருக்குரிய 35 டாலரைக் கட்ட மறந்தது. அப்பெயரை நம்பியிருந்த ஹாட்மெயில் அஞ்சலைப் பலரால் திறக்க முடியாமற்போயிற்று. சம்பந்தமில்லாத ஒரு புரோகிராமர் தம் கையிலிருந்து அத்தொகையைச் செலுத்திய பின்னரே நிலைமை சீராயிற்று. எல்லோருக்கும் அத்தகைய உபகாரி கிடைப்பாரென்று எதிர்பார்க்க முடியாது. ‘டாட் காம்’ போன்ற பெயர்களுக்கு, காலாவதியாவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரிஜிஸ்திரார் ஞாபகமூட்ட வேண்டுமென்பது விதி. தவணை தாண்டிய பிறகும், பதிவு ரத்தான நாள் முதல் 30 நாள் வரை அதிகக் கட்டணம் செலுத்தி மீட்டுக்கொள்ள இடமுண்டு. அதற்கப்பால் 5 நாள் சென்றதும் பெயர் யாருக்கும் பொதுவாகிவிடும். இப்படி விடுபடும் பெயர்களுக்காகவே காத்திருந்து, உடனே பதிந்துகொண்டு, பெரும் விலை கேட்போர் உண்டு.

பெயரைத் தேர்ந்தெடுத்தல்

பெயர் சிறியதாயும், டெலிபோனில் ஒருமுறை சொன்னாலே எழுதிக்கொள்ளத் தக்கதாயும் இருக்க வேண்டும். புள்ளிகளுக்கு இடையிலுள்ள ஒரு பகுதியில் 63 எழுத்து வரை இடமிருந்தாலும், அவ்வளவு நீளம் யாருக்கும் உதவாது. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை எழுதும்பொழுது ‘ழ’, ‘ள’, நெடில் முதலியவற்றை ஒருவர் எழுதுவதுபோல் மற்றொருவர் எழுதுவதில்லை. ‘உழவன்’ என்பதை நாலு விதமாக எழுதுவோர் உண்டு. கூடுமாயின் எளிதில் பிழைபடும் இரண்டொரு எழுத்தமைப்புக்களையும் சேர்த்தே பதிந்துகொள்ளலாம். முழுவதும் தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்துக்கொள்ளவும் இப்பொழுது வசதியிருக்கிறது. ‘டாட் இந்தியா’, ‘டாட் இலங்கை’, ‘டாட் சிங்கப்பூர்’ என்று தமிழில் முடியும் கிளைகள் வேர் சர்வர்களிலேயே இடம் பெற்றுள்ளன. ஆயினும் வெளியூர் வியாபாரிகளையும் நாடுவோர் தமிழ்ப் பெயரோடு ஆங்கில எழுத்துப் பெயரையும் வைத்துக்கொள்வதே நலம்.

முதலில் பதிந்தவருக்கே பெயர் என்பது பொது விதி. அதனால் பிறருடைய பெயரைப் பதிந்துகொண்டால் தப்பிவிடலாம் என்பதில்லை. 2004-ஆம் வருஷத்தில் சத்யம் இன்போவே கம்பெனி தொடர்ந்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வியாபாரக் குறியைப் போன்ற பாதுகாப்பு உண்டென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் இரு தரத்தாரின் பெயர்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்துத்தான். ‘டாட் இன்’ பெயர்கள் பற்றிய தகராறுகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தர் முன் தீர்த்துக்கொள்ளவும் தனி விதிகள் ஏற்பட்டுள்ளன.

இடம்

இனி இடத்தைப் பற்றி. இணையதளத்தின் எழுத்தும் படமும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில், இரவும் பகலும் மின்சாரம் அறாமல், குளிர்ந்த அறையில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதுவே சர்வர். அதில் இடத்தை வாடகைக்கு விடுவது ஹோஸ்டிங் தொழில். ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து குடியிருப்பது பகிர்வு முறை, வாடகை குறைவு. ஒருவருக்குக் கூட்டம் அதிகமானால் அடுத்தவருக்கும் வேகம் குறையும். ஒருவர் போலி அஞ்சல்களை அனுப்பிக் கெட்ட பெயர் வாங்கினால் பக்கத்திலுள்ளோரின் அஞ்சலும் சந்தேகிக்கப்படும். ஒரே சர்வரைத் தடுப்பு வைத்து, இன்னாருக்கு இவ்வளவு என்று பிரித்துத் தருவது அடுத்த படி. முழுச் சர்வரையும் ஒருவரே எடுத்துக்கொள்வது மற்றொன்று; அது பெரிய ஸ்தாபனங்களுக்கே தகும். விலைப்பட்டியலும் நாலைந்து படங்களும் ஆர்டர் பெறும் பாரமும் மட்டுமுள்ள ஒரு கம்பெனிக்குப் பகிர்வு முறையே போதும்; அதற்குமேல் விற்க முயலும் ஏஜெண்டின் வார்த்தைக்குச் செவி சாய்க்க வேண்டியதில்லை.

எவ்வளவு இடமும் போக்குவரத்தும் தேவையென்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். டெலிபோனில் எடுத்த படம் ஒன்று சுமார் 4 எம்.பி. இருக்கும். ஒரு பக்கத்தில் ஐந்து படம் வைத்தால் 20 எம்.பி. நாள்தோறும் 300 பேர் வந்து ஆளுக்கு மூன்று பக்கம் பார்த்தால், ஒரு நாளைக்கு 18,000 எம்.பி.; மாதத்திற்குச் சுமார் 540 ஜி.பி. அதே படங்களை ஒவ்வொன்றும் 200 கே.பி. அளவுக்குச் சுருக்கினால், மாதத்திற்கு 27 ஜி.பி.யில் காரியம் முடிந்துவிடும். படத்தின் அழகில் கண்ணுக்குத் தெரியும் குறைவு ஒன்றுமிராது. கிராமத்தில் சிக்னல் மெலிந்த இடத்திலிருந்து பார்ப்போருக்குப் பக்கம் விரைவில் திறக்கும். வாடகையை உயர்த்துவதற்கு முன் படத்தைச் சுருக்குவதே முறை. ‘அளவில்லாத இடம்’ என்று விளம்பரம் செய்வோரின் நிபந்தனைப் பத்திரத்தைக் கடைசி வரை படித்தால், அளவு அங்கே எங்கேனும் எழுதியிருக்கும்.

இடம் எவ்வளவு நல்லதாயினும் பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். 2021-ஆம் வருஷம் மார்ச்சு 10-ஆம் தேதியன்று, பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். கம்பெனியின் சர்வர்க் கட்டிடம் ஒன்று தீக்கிரையாயிற்று. லட்சக்கணக்கான இணையதளங்கள் ஒரே நாளில் மறைந்தன. பிரதி எடுத்து வைத்திருந்தோர் சில நாளில் மீண்டனர். பிரதியை அதே இடத்தில் வைத்திருந்தோர் சிலர் மூலத்தையும் பிரதியையும் சேர்த்தே இழந்தனர். அடுத்த போகத்து விதையை உணவுத் தானியத்தோடு ஒரே குதிரில் கொட்டி வைக்கும் குடியானவர் இல்லை. இதிலும் அதே ஜாக்கிரதை வேண்டும். மாதம் ஒருமுறை தளம் முழுவதையும் இறக்கி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்றும், கையடக்க டிஸ்க் ஒன்றில் இன்னொன்றுமாக வைத்துக்கொள்வது போதுமானது. ஆர்டர்கள் தினமும் வருமானால் பிரதியும் தினமும் எடுக்கப்பட வேண்டும்.

இலவச இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990-களில் ஜியோசிட்டிஸ் என்ற ஸ்தாபனம் யாவருக்கும் இனாமாக இடம் கொடுத்தது. லட்சக்கணக்கானோர் அங்கே பக்கங்களை அமைத்தனர். 1999-ஆம் வருஷத்தில் அதை யாஹூ கம்பெனி விலைக்கு வாங்கிற்று. 2009-ஆம் வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் மூடிவிட்டது. விலாசமும் அந்த ஸ்தாபனத்தின் பெயரோடு சேர்ந்ததாகையால், குடியிருந்தோர் பிரதி வைத்திருந்தாலும் பழைய விலாசத்தை உடன் கொண்டுபோக முடியவில்லை. இக்காலத்தில் சமூக வலைப் பக்கம் ஒன்றே போதும், தனிப் பெயர் எதற்கென்று கேட்போரும் இதைக் கருத வேண்டும். அப்பக்கம் விளம்பரத்திற்கு உதவும். ஆனால் அது பிறர் நிலத்தில் போட்ட கொட்டகை.

பூட்டும் அதன் எல்லையும்

விலாசத்தின் பக்கத்தில் பூட்டுச் சின்னம் காணப்படுவதற்குச் சர்ட்டிபிகேட் ஒன்று வேண்டும். வாடிக்கைக்காரர் எழுதுவது இடையில் யாராலும் படிக்கப்படாமல் சர்வரை அடைவதற்கு அது உதவுகிறது. அதை இலவசமாகவே வழங்கும் ஸ்தாபனங்கள் உள்ளன. ஹோஸ்டிங் கம்பெனிகள் பல அதைத் தாமே பொருத்தி, தவணைதோறும் தாமே புதுப்பித்துவிடுகின்றன. இதற்கெனத் தனித் தொகை கேட்டால் காரணம் விசாரிக்க வேண்டும். பூட்டு இருப்பதனாலேயே தளத்தை நடத்துவோர் நாணயஸ்தர் என்று கொள்ளுதல் தவறு. மோசக்காரரும் பூட்டு வாங்கலாம்.

இவ்விடத்தில் கிராம உத்தியோகஸ்தர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உதவித் தொகை, பயிர் இன்ஷூரன்ஸ், பட்டா மாறுதல் என்று சொல்லி டெலிபோனுக்கு வரும் இணைப்புக்களைக் குடியானவர்கள் அவர்களிடமே கொண்டுவந்து காட்டுகின்றனர். பெயரை வலக்கோடியிலிருந்து படிக்க வேண்டுமென்று முன்னர்ச் சொல்லப்பட்டது இதற்குத்தான். ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்ற கிளை சர்க்கார் ஸ்தாபனங்களுக்கே கொடுக்கப்படும். பி.எம். கிசான் உதவித் தொகைக்குரிய தளமும், தமிழ்நாட்டுப் பட்டா சிட்டா விவரங்களைப் பார்க்கும் தளமும் அக்கிளையிலேயே முடிகின்றன. ஆனால் ‘கிசான் டாட் ஜி.ஓ.வி. டாட் இன்’ என்ற எழுத்துக்கள் நடுவில் இருந்து, அவற்றின் வலப்பக்கத்தில் இன்னொரு புள்ளியும் ‘காம்’ போன்ற வேறு முடிவும் இருந்தால், அது சர்க்கார் தளம் அன்று. யாரோ ஒருவர் பதிந்த பெயருக்குக் கீழே அவ்வெழுத்துக்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பெயரின் முடிவைக் காண, முதல் சாய்கோட்டுக்கு இடப்பக்கத்தில் உள்ளதையே பார்க்க வேண்டும். கோட்டுக்கு அப்பால் எது எழுதியிருந்தாலும் கணக்கில்லை. பாங்கிகளுக்கும் இத்தகைய தனிக் கிளை ஏற்பட்டிருக்கிறது. 2025-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் பாங்கிகள் தம் தளங்களை ‘பாங்க் டாட் இன்’ என்று முடியும் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமென்று ரிசர்வ் பாங்கி அவ்வருஷம் ஏப்ரலில் உத்தரவிட்டது.

இடம் மாறுதல்

ஹோஸ்டிங் கம்பெனியின் சேவை திருப்தியளிக்காவிடில் வேறு கம்பெனிக்கு மாறுவதற்குத் தடையில்லை. பெயர் கையிலிருந்தால் போதும். புதிய இடத்தில் தளத்தின் பிரதியை ஏற்றி, சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பின்னர், பெயர் சர்வரில் எண்ணை மாற்ற வேண்டும். அஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டுமென்பதற்குத் தனிக் குறிப்பு உண்டு. அதை மறந்தால் தளம் திறக்கும், ஆர்டர் கடிதங்கள் மட்டும் வந்து சேரா. பெயரை ஒரு ரிஜிஸ்திராரிடமிருந்து மற்றொருவரிடம் மாற்றுவது வேறு காரியம். அதற்குப் பழைய ரிஜிஸ்திராரிடம் பூட்டை நீக்கச் சொல்லி, இரகசியக் குறியீடு ஒன்றைக் கேட்டுப் பெற்றுப் புதியவரிடம் கொடுக்க வேண்டும். பதிவு செய்து 60 நாள் ஆகாத பெயருக்குப் பொதுவாக இம்மாறுதல் அனுமதிக்கப்படுவதில்லை. குறியீட்டை வெளியார் எவரிடமும் சொல்லலாகாது. அது கையிலிருப்பவர் பெயரையே கொண்டுபோய்விடுவார். எண்ணை மாற்றிய அன்றே பழைய இடத்தின் வாடகையை நிறுத்திவிடாமல், ஒரு வாரமேனும் இரண்டு இடங்களையும் வைத்திருந்து, பழைய இடத்திற்கு வரும் ஆர்டர்கள் முற்றிலும் நின்றுவிட்டனவா என்று பார்த்த பிறகே அதை முடித்துக்கொள்ள வேண்டும்.